பெயர்ப் பட்டியலை எழுதியவர் யார்? தேசிய ஹொக்கி லீக் ஆணையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர் கேரி பெட்மன் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் பனிக்கட்டி என்பது சிறு வயதில் மீன் பெட்டிக்குள் மட்டும் கண்ட பொருள். அதன்மேல் ஒரு விளையாட்டு உண்டு என்பதையும், அந்த விளையாட்டு ஒரு குடும்பத்தின் நாட்காட்டியையே தன் கையில் எடுத்துக்கொள்ளும் என்பதையும் என் மகன்தான் எனக்குக் காட்டினான். ஆறு வயதில் சறுக்குச் சப்பாத்து அணிந்தவனுக்கு இப்போது பதின்மூன்று வயது. இந்த ஏழு குளிர்காலமும் விடியற்காலையில் எழுந்து, விரல் சிவக்க அவனுடைய சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டி, அரங்கின் குளிர்ந்த படியில் உட்கார்ந்து, இந்த ஆட்டத்தை விதி விதியாகக் கற்றுக்கொண்டேன். இதை நான் நேசிக்கிறேன். அந்த உரிமையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். பனித்தளத்தில் கைகலப்பை மூட்டிவிடும் பயிற்றுநரையும் தண்டியுங்கள். வீரர்களைத் தண்டிக்கும்போது போகிற போக்கில் அவரையும் கொஞ்சம் கண்டித்துவிட்டு நகர்வது போதாது. எழுதப்பட்ட விதியின்படி, தானாகவே விழும் தண்டனை வேண்டும். அவரை ஆட்டத்திலிருந்தே விலக்கிவைக்கும் தண்டனை வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணி ஆட்டம். எங்கள் பிள்ளைகளின் அணி ஐந்து கோல்கள் பின்தங்கியிருந்தது. இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது எங்கள் பயிற்றுநர் வாங்கின் கோடியில் இருந்த ஒரு பையனின் பின்னால் போய் நின்றார். வயதுக்கு மீறிய உயரம், நல்ல உடற்கட்டு, அதிகம் பேசாத பிள்ளை. அந்தப் பகுதியில் அவனை அவர் ஏறக்குறைய இறக்கவே இல்லை. அவனுடைய தோளில் கையை வைத்தார். குனிந்து காதருகே ஏதோ சொன்னார். எதிரணியில் மூன்று கோல் போட்டிருந்த சிறுவன் நின்ற பக்கம் தாடையால் காட்டினார்.

பையன் தடுப்பைத் தாண்டி இறங்கினான். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் போடும் பக் என்ற ரப்பர் வட்டு விழுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் கோபம் இல்லை. பரீட்சை மண்டபத்தில் கேள்வி சரியாகக் காதில் விழாத பிள்ளை ஆசிரியரைப் பார்ப்பதுபோல இருந்தது. பயிற்றுநர் தலையை அசைத்தார். பக் விழுந்தது. கையுறைகள் பனியில் விழுந்தன. அந்தச் சிறுவன் என்ன நடக்கிறது என்று உணரும் முன்னரே முகத்தில் இரண்டு குத்து.

நடுவர் எங்கள் பையனை வெளியேற்றினார். அவனுடைய தாய் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். கையில் இருந்த கோப்பியைக் கடைசிவரை குடிக்கவில்லை. பயிற்றுநர் கைகளைக் கட்டிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை தன் இடத்திலேயே நின்றார். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பையன் இல்லை. பயிற்றுநர் இருந்தார்.

நானும் வேறு இரண்டு பெற்றோரும் சேர்ந்து எழுத்தில் முறையிட்டோம். தோளில் கை வைத்ததும் ஏதோ பேசியதும் குற்றத்துக்கு ஆதாரம் ஆகாது என்று பதில் வந்தது. அவருடைய பெயரையோ அந்தச் சங்கத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. என் வழக்கு அவரோடு இல்லை. அன்று வீடு திரும்பும் வழியில், பின் இருக்கையில் இருந்து என் மகன் கேட்டான்: "அப்பா, கோச் சொன்னால் செய்யத்தானே வேண்டும்?"

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு சிறுவர் அணியின் பயிற்றுநர் செய்ததற்கு உலகத்தின் மிகப் பெரிய ஹொக்கி லீக்கின் ஆணையாளர் என்ன செய்வார் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பயிற்றுநர் அந்தத் தலையசைப்பை எங்கே கற்றார் என்று நானும் யோசித்தேன். அவரும் என் மகனைப் போல சனிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியில் உங்கள் லீக்கைப் பார்த்து வளர்ந்தவர்தான்.

2014 ஜனவரி 18ஆம் திகதி வன்கூவரில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். விருந்தாளி அணியாக வந்த கல்கரி ஃபிளேம்ஸின் பயிற்றுநர் பொப் ஹார்ட்லி, ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில், வழக்கமாகக் குறைந்த நேரமே ஆடும் தன் நான்காம் வரிசையை எழுதிக் கொடுத்தார். கெவின் வெஸ்ட்கார்த், பிரையன் மக்ராட்டன் போன்ற, கோலுக்கு அல்ல, கைக்குப் பெயர் பெற்றவர்கள் அதில் இருந்தார்கள். உங்கள் விதிப்படி விருந்தாளி அணியின் பட்டியல் முதலில் வர வேண்டும். உள்ளூர் அணி அதைப் பார்த்த பிறகு தன் பட்டியலைக் கொடுக்கும். வன்கூவர் கனக்ஸின் பயிற்றுநர் ஜோன் டோர்ட்டரெல்லா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் சண்டைக்காரர்களையும் எழுதினார். டொம் செஸ்டிட்டோ, டேல் வைஸ், அவர்களோடு கெலன் லேன்.

கெலன் லேனுக்கு அது உங்கள் லீக்கில் முதல் ஆட்டம். லீக் அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட, பல்கலைக்கழக ஹொக்கி வழியாக ஏறி வந்த இளைஞர். அந்த இரவைப் பார்க்க அவருடைய பெற்றோர் அரங்குக்கு வந்திருந்தார்கள். தற்காப்பு வீரரான கெவின் பியெக்ஸா லேனை விலக்கிவிட்டு, பக் விழும் இடத்தில் தானே வந்து நின்றார். பக் விழுந்தது. ஐந்துக்கு ஐந்து, பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கடிகாரத்தில் ஓடியது இரண்டு விநாடி. எட்டுப் பேர் வெளியேற்றப்பட்டார்கள். லேனும் அவர்களில் ஒருவர். ஒரு மனிதன் சிறு வயது முதல் கனவு கண்ட ஆட்டம் இரண்டு விநாடியில் முடிந்தது. ஒரு தகப்பனாக எனக்கு அந்தப் பெற்றோரின் இருக்கைகளைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. எத்தனை விடியற்காலைகளில் அவர்கள் கயிறு கட்டிவிட்டிருப்பார்கள்!

முதற்பகுதி முடிந்ததும் டோர்ட்டரெல்லா கல்கரி அணியின் உடைமாற்றும் அறையை நோக்கிப் பாய்ந்தார். நடைவழியில் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அதற்காக லீக் அவரைச் சம்பளமின்றிப் பதினைந்து நாள் இடைநிறுத்தியது. ஆறு ஆட்டங்கள். ஹார்ட்லிக்கு 25,000 டொலர் தண்டப்பணம்.

ஐயா, அந்தத் தீர்ப்பை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். கடுமையான தண்டனை எதற்குக் கிடைத்தது என்று பாருங்கள். எவருக்கும் ஓர் அடிகூட விழாத நடைவழிக்கு. பத்துப் பேர் முட்டிமோதிய பனித்தளத்துக்குக் கிடைத்தது ஒரு காசோலை. டோர்ட்டரெல்லா நடைவழிக்குப் போகாமல் தன் அறையிலேயே இருந்திருந்தால் அவருக்கு எந்தத் தண்டனையும் கிடைத்திராது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அதே தீர்ப்பில் நான் பற்றிக்கொண்ட ஓர் இழையும் இருக்கிறது. வெஸ்ட்கார்த் செய்ததற்குப் பொறுப்பு ஹார்ட்லியுடையது என்று உங்கள் அலுவலகமே அன்று சொன்னது. சண்டைக்கு விருப்பமில்லாத ஒருவர்மீது முன்கூட்டித் திட்டமிட்ட சண்டையை அந்த வீரர் தொடக்க முயன்றதாகவும், அதற்குப் பயிற்றுநர் பதில் சொல்ல வேண்டும் என்றும் உங்கள் அலுவலகத்தின் கொலின் கம்பல் அறிவித்தார். கொள்கையை நீங்கள் அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அதை விதியாக எழுதுவதுதான் மிச்சம்.

அதைவிடவும் பழைய சான்று ஒன்று உங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2005 முதல், ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வீரர் சண்டையைத் தொடங்கினால் அவருக்கு ஓர் ஆட்டத் தடை, அவருடைய பயிற்றுநருக்கு 10,000 டொலர் தண்டப்பணம். மறுபடி நடந்தால் அந்தத் தொகை இரட்டிக்கும். பயிற்றுநர் காதில் என்ன சொன்னார் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. மனதில் என்ன இருந்தது என்றும் கேட்பதில்லை. வீரர் சண்டையைத் தொடங்கினார், பயிற்றுநர் கட்டினார். தோற்ற அணி ஆட்டத்தின் வாலில் பழிதீர்க்கும் வழக்கத்தை முறிக்க நீங்களே போட்ட விதி அது. நல்ல விதி. ஆனால் வன்கூவரில் சண்டை தொடங்கியது கடைசி ஐந்து நிமிடத்தில் அல்ல, முதல் இரண்டு விநாடியில். வால் பக்கம் பூட்டுப் போட்டீர்கள். தலைவாசல் திறந்தே கிடக்கிறது.

அந்த வாசல் வழியாக எத்தனை இரவுகள் வந்துபோயின! 2021 மே 3ஆம் திகதி வொஷிங்டன் கப்பிட்டல்ஸின் டொம் வில்சன், நியூ யோர்க் ரேஞ்சர்ஸின் பாவெல் புச்னெவிச்சையும் ஆர்டெமி பனாரினையும் தாக்கினார். பனாரினுக்கு அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. வில்சனுக்கு 5,000 டொலர். அந்தத் தீர்ப்பை வெளிப்படையாகத் திட்டி அறிக்கை விட்ட ரேஞ்சர்ஸ் நிர்வாகத்துக்கு 250,000 டொலர். இரண்டு நாள் கழித்து அதே இரு அணிகள் நியூ யோர்க்கில் மீண்டும் சந்தித்தன. பக் விழுந்து ஒரு விநாடியில் மூன்று சோடிகள் மோதின. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு சண்டைகள்.

பின்னர் 2024 ஏப்ரல் 3. அதே நியூ யோர்க் அரங்கு. இம்முறை ரேஞ்சர்ஸும் நியூ ஜேர்சி டெவில்ஸும். மட் ரெம்பி என்ற இருபத்தொரு வயது நெடிய இளைஞருக்கும் டெவில்ஸின் கேர்டிஸ் மக்டெர்மிட்டுக்கும் கணக்குத் தீராமல் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். இருவரும் தொடக்க ஐவரில் இருந்தார்கள். தற்செயலாக அப்படி அமைந்தது என்று யாராவது சொன்னால் என் மகன்கூட நம்பமாட்டான். இரண்டு விநாடி. பத்துப் பேர். எட்டு வெளியேற்றம். வன்கூவரின் அதே கணக்கு, பத்து ஆண்டு கழித்து. அன்று கமராக்கள் இன்னொன்றையும் காட்டின. பனித்தளத்தில் வீரர்கள் இரத்தம் துடைத்துக்கொண்டிருக்க, வாங்குகளின் பின்னால் கோட்டும் டையும் அணிந்த பீட்டர் லாவியோலெட்டும் ட்ராவிஸ் கிரீனும் ஒருவரை நோக்கி ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ அவனை எழுதினாய், அதனால் நான் இவனை எழுதினேன் என்ற வழக்கு அது. யாருடைய சண்டை அது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த 2021 இரவுக்குப் பிறகும் சரி, இந்த 2024 இரவுக்குப் பிறகும் சரி, ஒரு பயிற்றுநர்கூட ஓர் ஆட்டமாவது வெளியே இருக்கவில்லை.

இதே லாவியோலெட் 2012இல் பிலடெல்பியாவின் பயிற்றுநராக இருந்தபோது, பிற்ஸ்பேர்க் வாங்கை நோக்கிக் கத்தி, ஒரு மட்டையைத் தடுப்பில் அடித்து உடைத்தார். அதற்கு 10,000 டொலர் கட்டினார். மட்டையை உடைத்தால் தண்டனை உண்டு. பத்துப் பேரை மோதவிட்டால் இல்லை. இதை என் மகனுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சட்டம் படித்தவர். முதலில் நோக்கத்தைப் பற்றித்தான் கேட்பீர்கள். பயிற்றுநரின் நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? ஹார்ட்லியும் அன்று, அந்த வரிசை நன்றாக ஆடிவந்தது, அதனால் இறக்கினேன் என்றுதான் சொன்னார். மனதைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் நோக்கத்தை விட்டுவிட்டு விளைவைப் பிடிக்கும்படி கேட்கிறேன். கடைசி ஐந்து நிமிடத்துக்கு அப்படித்தானே செய்கிறீர்கள்? ஆட்டம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரே நேரத்தில் இரண்டு சோடிகளுக்கு மேல் மோதினால், இரு பயிற்றுநருக்கும் ஓர் ஆட்டத் தடை தானாக விழட்டும். பிறகு விசாரியுங்கள். மனதைப் பார்க்க முடியாவிட்டாலும் பட்டியலைப் பார்க்கலாம். தொடங்கிய ஐவர் அந்தப் பருவத்தில் சராசரியாக எத்தனை நிமிடம் ஆடினார்கள், அதற்கு முன் எத்தனை ஆட்டங்களில் தொடக்க வரிசையில் நின்றார்கள் என்பதெல்லாம் உங்கள் கணினியில் விநாடி சுத்தமாக இருக்கிறது. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் ஆடும் ஒருவர் திடீரென முதல் பக்குக்கு வந்து நிற்கிறார் என்றால், அந்தப் பட்டியலே வாக்குமூலம். அதை எழுதியவருக்கு ஐந்து ஆட்டம் கொடுங்கள். இரண்டாம் முறை என்றால் பதினைந்து.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினம். நான் அதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. அன்றிரவு டோர்ட்டரெல்லா சொன்ன நியாயம் இதுதான்: எதிரே அப்படி ஒரு வரிசை நிற்கும்போது செடீன் சகோதரர்களை அவர்கள் முன்னால் அனுப்ப முடியுமா? நியாயமான பயம்தான். டானியல், ஹென்ரிக் செடீன் இருவரும் அந்த அணியின் உயிர். அவர்களைக் காப்பது அவருடைய கடமை. ஆனால் அந்தப் பயத்தை அவருடைய தலையில் ஏற்றியது லீக்தான். எதிரே நிற்பவர் எல்லை மீறினால் லீக் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால், அவர் தன் முதல் ஆட்டத்துக்கு வந்த பையனை அங்கே நிறுத்தியிருக்க மாட்டார். ஆகவே விதியில் ஒரு கதவு வையுங்கள். விருந்தாளி அணியின் பட்டியலைப் பார்த்து ஐயுறும் உள்ளூர்ப் பயிற்றுநர் அதை நடுவரிடம் முறைப்படி தெரிவிக்கலாம். நடுவர் இரு பயிற்றுநரையும் அழைத்து எச்சரிக்கலாம். அப்படித் தெரிவித்துவிட்டுத் தன் வழமையான ஐவரை இறக்குபவருக்கு, பிறகு என்ன நடந்தாலும் தண்டனை இல்லை. முழுப் பாரமும் மற்றவர் தோளில் விழும். பதிலுக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயத்திலிருந்து நல்ல பயிற்றுநர்களுக்கும் இது விடுதலை.

வீரர்களே விரும்பிச் சண்டை போடுகிறார்கள், பயிற்றுநருக்கு அதில் என்ன பங்கு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 15, மொன்றியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதிய ஆட்டத்தில் முதல் ஒன்பது விநாடியில் மூன்று சண்டைகள் நடந்தன. அமெரிக்க அணியின் டகச்சுக் சகோதரர்களும் ஜே. ரி. மில்லரும் கைத்தொலைபேசிக் குழுவில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டது பிறகு வெளியே வந்தது. உண்மைதான், அது வீரர்களின் திட்டம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீரர் எதைத் திட்டமிட்டாலும் தொடக்க ஐவரில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள முடியாது. அந்தப் பேனை ஒருவர் கையில் மட்டும்தான் இருக்கிறது. தண்டனை தனக்கும் உண்டு என்று தெரிந்தால், உடைமாற்றும் அறையில் நடக்கும் பேச்சுக்குப் பயிற்றுநரின் காது தானாகவே திறந்துகொள்ளும்.

பயிற்றுநரைத் தண்டிப்பது இந்த ஆட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1987 ஜனவரி 4, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி நகரம். இளையோர் உலகப் போட்டியில் கனடாவும் சோவியத்தும். இரு வாங்குகளும் காலியாகி ஏறக்குறைய எல்லோரும் பனித்தளத்தில் இறங்கிவிட்டார்கள். நடுவர்களால் முடியாமல் போய், கடைசியில் அரங்கின் விளக்குகளை அணைத்தார்கள். இருட்டிலும் அடி நிற்கவில்லை. பதக்கம் கையில் இருந்த கனடா உட்பட இரு நாடுகளும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. சர்வதேச ஹொக்கிக் கூட்டமைப்பு வீரர்களுக்குப் பதினெட்டு மாதத் தடை விதித்தது. பயிற்றுநர்களுக்கு மூன்று ஆண்டு. சரியாக இரு மடங்கு. வீரர்களின் தடை பிறகு குறைக்கப்பட்டது என்றாலும் அந்த விகிதத்தை நான் நெஞ்சில் எழுதிவைத்திருக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளை வழிநடத்தியவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைவிட இரட்டிப்புப் பொறுப்பு என்று ஒரு காலத்தில் இந்த விளையாட்டுக்குத் தெரிந்திருந்தது. அன்று அந்த இருட்டில் நின்ற கனடியச் சிறுவர்களில் ஒருவர் பிரெண்டன் ஷனஹன். 2011இல் வீரர் பாதுகாப்புக்கென நீங்கள் தனிப் பிரிவு அமைத்தபோது அதன் முதல் தலைவராக அவரைத்தான் நியமித்தீர்கள்.

அதே 1987 மே மாதம் மொன்றியலில், ஆட்டம் தொடங்கும் முன்னர் உடல் சூடேற்றும் நேரத்திலேயே மொன்றியல் கனேடியன்ஸும் பிலடெல்பியா ஃபிளையர்ஸும் வாங்கோடு மோதின. அதன் பிறகுதான் வாங்கை விட்டுச் சண்டைக்கு முதலில் இறங்குபவருக்குப் பத்து ஆட்டத் தடை என்று விதி வந்தது. விசாரணை இல்லை, பேரம் இல்லை, பத்து ஆட்டம். விளைவு என்ன? அணிகள் முழுதாக வாங்கைக் காலி செய்து மோதும் காட்சியை என் மகன் பழைய காணொளிகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். 2011இல் ஐலண்டர்ஸ், பென்குயின்ஸ் ஆட்டத்தில் 346 தண்டனை நிமிடங்கள் குவிந்தபோதுகூட, வாங்கிலிருந்து இறங்கிய பென்குயின்ஸின் எரிக் கொடார்டுக்கு அந்தப் பத்து ஆட்டம் தானாக விழுந்தது. ஐலண்டர்ஸ் நிர்வாகம் 100,000 டொலர் கட்டியது. பயிற்றுநர் மட்டும் அடுத்த ஆட்டத்தில் தன் இடத்தில் நின்றார். தானாக விழும் தண்டனைக்கு இந்த ஆட்டம் பணியும் என்று நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள்.

கியூபெக்கில் 2008இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அது பிள்ளைகளுக்கு மிக அருகில் நடந்தது. இளையோர் லீக்கில் ஆடும் கியூபெக் ரெம்பார்ட்ஸின் கோல்காப்பாளர் ஜொனதன் றோய், பத்தொன்பது வயது. பயிற்றுநர் அவருடைய தகப்பன் பட்றிக் றோய். சிக்கூட்டிமி அணியுடனான ஆட்டத்தில் கைகலப்பு மூண்டபோது மகன் பனித்தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சறுக்கிப் போய், சண்டைக்கு வராத எதிரணிக் கோல்காப்பாளரைக் கீழே தள்ளி அடித்தார். அதற்குமுன் தகப்பன் கையால் சைகை காட்டியதாகக் காணொளியைப் பார்த்த பலர் சொன்னார்கள். தான் தூண்டவில்லை என்று அவர் மறுத்தார். தீர்ப்பு: மகனுக்கு ஏழு ஆட்டம், தகப்பனுக்கு ஐந்து. பின்னர் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்றது மகன் மட்டும். பியெஷ்டானியின் விகிதம் இங்கே தலைகீழாகிவிட்டது. ஆனாலும் அந்த இளையோர் லீக் ஐந்து ஆட்டமாவது கொடுத்தது. அதே லீக்கில் 2023 முதல், சண்டை போட்டால் அன்றைய ஆட்டத்திலிருந்து உடனே வெளியேற்றம். உங்கள் லீக்கைவிடச் சிறியது அது, காசும் குறைவு. அங்கே முடிந்திருக்கிறது.

பணம் என்று வந்துவிட்டதால் ஒன்று. வில்சனுக்கு 5,000 டொலருக்கு மேல் தண்டம் போட முடியாததற்குக் காரணம், வீரர் சங்கத்தோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தில் இருந்த உச்சவரம்பு. பயிற்றுநர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. அந்த வரம்பு அவர்களைக் கட்டாது. இந்த விடயத்தில் உங்கள் கை கட்டப்படவில்லை. ஆனாலும் பணத்தை நான் பெரிதாகக் கேட்கவில்லை. பயிற்றுநருக்குப் போட்ட தண்டத்தை அணியின் முதலாளி வேறு வழியில் சரிக்கட்டிவிடலாம். வாங்கின் பின்னால் அவர் நிற்காத வெற்றிடத்தை யாராலும் சரிக்கட்ட முடியாது. வெற்றிடத்தைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஸ்டீவ் மூரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2004 மார்ச் 8, மறுபடியும் வன்கூவர். முந்தைய ஓர் ஆட்டத்தில் வன்கூவர் அணித் தலைவர் மார்க்கஸ் நாஸ்லுண்டை இடித்துக் காயப்படுத்திய கொலராடோ வீரர் மூரை, வன்கூவரின் டொட் பெர்டூசி பின்னாலிருந்து தாக்கிப் பனியில் விழுத்தினார். கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. மூர் அதன் பிறகு ஆடவே இல்லை. பெர்டூசி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்கு இழுபட்ட காலத்தில், மூர் விலை கொடுக்க வேண்டும் என்ற பொருளில் பயிற்றுநர் மார்க் க்ரோஃபர்ட் உடைமாற்றும் அறையில் பேசியதாகப் பெர்டூசி தரப்பு நீதிமன்ற ஆவணத்தில் குற்றம் சாட்டியது. பிறகு அந்தக் கோரிக்கை மீளப் பெறப்பட்டது. அது விசாரணையில் நிரூபிக்கப்பட்டதல்ல, நானும் அதை உண்மை என்று சொல்லவில்லை. ஆனால் லீக் தன் கண்ணால் பார்த்தது என்ன? கழகத்துக்கு 250,000 டொலர் தண்டம், வீரருக்கு நீண்ட தடை. அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்று கேட்க வேண்டிய முதல் இடம் உங்கள் அலுவலகம். பல ஆண்டு கழித்து ஒரு வழக்கு ஆவணத்தில் அதை நாங்கள் வாசிக்க நேர்ந்திருக்கக் கூடாது.

எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலை 401இல் கிழக்கே அரை மணி நேரம் போனால் விட்பி வரும். அந்த ஊர் அணிக்கு ஆடிய டொன் சாண்டர்சனுக்கு 21 வயது. 2008 டிசம்பரில் ஒரு சண்டையில் தலைக்கவசம் கழன்றது. தலை பனியில் மோதியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி இறந்தார். உங்கள் லீக்கின் டெரெக் பூகார்ட் 2011இல் இறக்கும்போது வயது 28. அடிமேல் அடி வாங்கியவர்களின் மூளையில் காணப்படும் சிதைவு நோய் அவருடைய மூளையில் இருந்ததைப் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். தலையில் விழும் அடிக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு இன்னும் நிறுவப்படவில்லை என்று நீங்கள் சொல்லிவருகிறீர்கள். 2019இல் ஒட்டாவாவில் நாடாளுமன்றக் குழு முன்பும் அப்படியே சொன்னீர்கள். அந்த விவாதத்தை இந்த மடலில் நான் தொடக்கவில்லை. வெறும் முஷ்டிக்கும் கல் போன்ற பனிக்கும் நடுவில் ஒரு தலையை நிறுத்துவது ஆபத்து என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அங்கே அதை நிறுத்துபவர் யார் என்பதே என் கேள்வி.

அடித்தவர் பொறுப்பில்லை என்று நான் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றியவர் தன் தண்டனையை ஏற்கட்டும். ஆனால் நான்காம் வரிசையில் ஆடும் ஒருவர், நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பவர், பயிற்றுநர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வாரா? வயது வந்த மனிதருக்கே அது இயலாது என்றால், எங்கள் அணியின் வாங்கின் கோடியில் இருந்த அந்தப் பிள்ளைக்கு எப்படி இயலும்?

அவனைச் சில வாரம் கழித்து வாகனத் தரிப்பிடத்தில் கண்டேன். தன் உயரத்துக்குச் சமமான பையை இழுத்துக்கொண்டு தாயின் பின்னால் வந்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். பதின்மூன்று வயதுப் பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். அரங்கின் உள்ளே, கண்ணாடிக்கு அப்பால், பயிற்றுநர் அடுத்த ஆட்டத்துக்கான பெயர்களை வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவத்துக்கான விதி மாற்றங்களை நீங்கள் கூடிப் பேசும்போது இந்த மடலும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதில் வந்தால் என் மகனுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பன்